ஸ்டீல் ஒரு ரூபாயில் ஓரத்து மேடு: டை பிரேக்கா (காசு அடிக்கும் அச்சு உடைந்ததா), வெளியே செய்த வேலையா?

தேடல்காசு:
25 மி.மீ. ஸ்டீல் ஒரு ரூபாய், வருடம் 2000, அதன் கீழே நட்சத்திரம் (ஹைதராபாத் மிண்ட், அதாவது நாணயச்சாலையின் குறி). ‘1’ உள்ள பக்கத்தில் இடது ஓரத்தில் சுமார் 3 மி.மீ. நீளத்துக்கு மேடு. அங்குள்ள தானியக் கதிரின் ஒரு பகுதி அதில் மறைந்துவிட்டது. மேட்டிலிருந்து மெல்லிய கோடு ஒன்று எண்ணைப் பார்த்து ஓடுகிறது. வருடத்தின் கடைசிப் பூஜ்யமும் இரட்டையாகத் தெரிகிறது. எடை 4.84 கிராம். எப்படி உறுதி செய்வது?

அச்சுமேடை:
கோடும் மேடா, பள்ளமா என்று முதலில் பாருங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும். லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழலே காட்டிக்கொடுக்கும். டை விரிசல் விட்டாலோ உடைந்தாலோ அங்கே குழி விழும். அடிக்கும்போது உலோகம் அந்தக் குழிக்குள் ஏறுவதால் காசில் மேடாக வரும். புழக்கத்தில் பட்ட கீறல் பள்ளமாகத்தான் இருக்கும்.

பெரிய சாட்சி பின்பக்கம்தான். உலோகம் குழிக்குள் போய்விடுவதால் அதற்கு நேர் எதிரே டிசைன் நிரம்பாமல் மங்கலாக விழும். நம் காசுகளை இடவலமாகத் திருப்பினால் சிங்கம் நேராக நிற்கும். ஆகவே இடது ஓர மேட்டுக்குப் பின்னால் வருவது சிங்கத்தின் வலது பக்கம், அதாவது ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்றிருக்கும் இடம். அந்த எழுத்துகளும் ஒட்டிய விளிம்பும் மட்டும் மங்கி, மற்றதெல்லாம் கூர்மையாக இருக்கிறதா?

தேடல்காசு:
ஆமாம், நடுவிலுள்ள ‘டி’ பாதிதான் தெரிகிறது. விளிம்பும் அங்கே தாழ்ந்திருக்கிறது.

கொங்குநாணயம்:
அப்படியானால் டை பிரேக்தான். இருந்தாலும் ஒட்டுவேலை இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். எடையை மட்டும் நம்ப வேண்டாம்: விதிப்படி 4.85 கிராம், ஒரு துளி ஈயப்பற்று கூட்டும் எடையைத் தேய்மானம் மறைத்துவிடும். பற்றவைத்த மேட்டுக்கும் தளத்துக்கும் நடுவே நிற வித்தியாசமோ மயிரிழை இடைவெளியோ இருக்கும். பசை என்றால் அசிட்டோனில் ஊறவைத்தால் இளகும். ஸ்டீலுக்கு ஒன்றும் ஆகாது. புளி, பாலிஷ், அரம் பக்கமே போகாதீர்கள்.

அந்தக் கோடு நெளிந்து எண்ணின் மேலும் ஏறிக் கடந்தால் டை கிராக், அதாவது டையில் விழுந்த விரிசல். நேராக ஓடி எண்ணின் ஓரத்தில் நின்றுவிட்டால் டையைப் பாலிஷ் செய்த தடம், அதற்கு மதிப்பில்லை. இதே வருடம், இதே மிண்டில், மேடு இல்லாமல் இந்தக் கோடு மட்டும் அதே இடத்தில் உள்ள காசு கிடைத்தால் விடாதீர்கள். அதே டை உடைவதற்கு முன் அடித்தது அது. இரண்டையும் சேர்த்து வைத்தால் பிறகு யாரும் சந்தேகப்பட முடியாது.

அச்சுமேடை:
பூஜ்யத்தை இதோடு சேர்க்காதீர்கள். இரண்டாவது உருவம் தட்டையான படி மாதிரி தாழ்ந்து, மூல எண்ணின் அகலத்தைத் தின்றிருந்தால் அது மெஷின் டபுளிங். அடித்த கணத்தில் டை லேசாக நகர்ந்ததால் வருவது, ஏராளமான காசுகளில் இருக்கும். டபுள்டு டை (டையிலேயே உருவம் இரட்டையாகப் பதிந்தது) என்றால் இரண்டு உருவமும் உருண்டு, எண் தடித்து, முனைகள் பிளந்து தெரியும். அந்த டையில் அடித்த எல்லாக் காசிலும் அப்படியே இருக்கும். விற்பதானால் டை பிரேக் என்று மட்டும் போடுங்கள், மங்கிய ‘டி’ தெரியும்படி பின்பக்கப் படத்தையும் சேருங்கள்.