சார்ட்டர் ஸ்கூல் ரிசல்ட்டைப் பார்த்து முடிவெடுத்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சான் ஹோசே, கிண்டர்கார்டன் அம்மா:

பக்கத்துச் சார்ட்டர் ஸ்கூல்ல சீட்டுக்குப் போடுற லாட்டரியில பொண்ணு பேர் விழுந்திடுச்சு. சீட் வேணுமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். வீட்டிலிருந்து ஆறு நிமிஷ நடை, சார்ட்டர்ங்கிறதால (அரசுப் பணத்துல தனி நிர்வாகம் நடத்துற ஸ்கூல்) ஃபீஸும் கிடையாது. ஆனா மாநிலத் தேர்வுல மூணாம் வகுப்புக் கணக்கைப் பார்த்தா பாதிப் பிள்ளைங்க கூட தேறல. எங்க வாட்ஸ்அப் குரூப்ல பேரைச் சொன்னதுமே "அந்த ஸ்கூலா?"ன்னு இழுக்கிறாங்க. அங்க பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுற வீட்டுப் பிள்ளைங்க. அந்த இழுவை மார்க்குக்காகவா, பிள்ளைங்களுக்காகவான்னு எனக்கே தெரியல. எனக்குள்ள இருக்கிற தயக்கமும் எதுக்குன்னு தெரியல.

ஃப்ரீமான்ட், ரெண்டு பிள்ளைங்களோட அம்மா:

நான் பண்ணின கூத்தைச் சொல்றேன் கேளும்மா. பெரியவனை மார்க் பார்த்துத்தான் ஒரு சார்ட்டர்ல சேர்த்தேன். இன்னும் ஆங்கிலம் சரளமா வராத பிள்ளைங்க மார்க்கைத் தனியாக் காட்டுற 'ஆங்கிலம் கற்கும் மாணவர்'னு ஒரு வரி தேர்வு முடிவு அட்டவணையில கீழ கிடந்தது. அது நமக்கில்லைன்னு தாண்டிப் போயிட்டேன். சேர்க்கும்போது வீட்டு மொழி பத்தி ஒரு படிவம் வந்தது. குழந்தை முதல்ல பேசின மொழி என்ன, வீட்டுல பேசுறது என்னன்னு நாலு கேள்வி. பெருமையா எல்லாத்துக்கும் தமிழ்னு எழுதினேன். அப்படி எழுதினா முப்பது நாளுக்குள்ள எல்பாக்னு ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பாங்க. தெரியாத ஆள் எதிர உட்கார்ந்தா இவன் வாயே திறக்க மாட்டான். அன்னிக்கும் திறக்கல. லெட்டர் வந்தது: நான் தாண்டிப் போன அதே வரியில என் பையன்!

"தமிழ்னு எழுதச் சொன்னது யாரு?"ன்னு வீட்டுல எனக்குத்தான் திட்டு. பார்க்ல விசாரிச்சா பாதிப் பேர் இங்கிலீஷ்னு எழுதித் தப்பிச்சிருக்காங்க.

ரெண்டாம் வகுப்பு முடியும்போது அவனை அந்த வகையிலிருந்து எடுத்துட்டாங்க. மூணாம் வகுப்புல நல்ல ஸ்கோர் வாங்கினான், ஆனா தேர்வு முடிவு அட்டவணையில அந்த வரிக்கு அது போகாது. நல்லா வர்றவங்க எல்லாம் வெளிய போயிட்டே இருந்தா அந்த வரி எந்தக் காலத்துல ஏறும்? (ஸ்கூல் எப்படின்னு மாநிலம் கலர் கலரா காட்டுற ஒரு டாஷ்போர்டு வருதே, அதுல மட்டும் வெளிய வந்தவங்களை நாலு வருஷம் சேர்த்தே கணக்கு பண்றாங்க. எனக்கு இது தெரியவே மூணு வருஷம் ஆச்சு.)

மொத்த சதவீதத்தை விடு. பிரிவு வாரியா திறந்து பாரு. பத்துப் பேருக்கு மேல தேர்வு எழுதலைன்னா எண்ணுக்குப் பதிலா நட்சத்திரக் குறிதான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே.

மோரிஸ்வில், வட கரோலினா, ஒரு அப்பா:

எங்கள் பக்கம் கதை தலைகீழ். இங்கே சார்ட்டர் பள்ளிகள் மதிய உணவு தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாவட்டப் பள்ளிகளைப் போல பேருந்து விட வேண்டியதும் இல்லை. என் மகள் படித்த பள்ளியில் இரண்டுமே கிடையாது. தினமும் கார் வரிசையில் முப்பது நிமிடம் நிற்பேன். முன்னும் பின்னும் நின்ற வண்டிகளைப் பார்த்தாலே பள்ளியின் 'ஏ' கிரேடு எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிடும். லாட்டரியில் தில்லுமுல்லு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு வந்து பிள்ளையை அழைத்துப்போக ஆளில்லாத வீடு விண்ணப்பமே போடாதே.

எங்கள் மாநிலத்தில் அந்த எழுத்துக்கு 80 சதவீதம் தேர்ச்சி, 20 சதவீதம்தான் வளர்ச்சி, அதாவது ஓராண்டில் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது. மகள் நான்காம் வகுப்புக்கு வந்த பிறகுதான் பள்ளி அறிக்கையின் இரண்டாவது பக்கத்தைப் புரட்டினேன். 'ஏ' வாங்கிய அதே ஆண்டு, வளர்ச்சியில் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை என்று போட்டிருந்தது. அதாவது பிள்ளைகள் வரும்போதே தேறித்தான் வந்திருக்கிறார்கள். மிச்சத்தை நாங்கள் கட்டிய கணக்கு டியூஷன் பார்த்துக்கொண்டது.

சார்ட்டர் என்றாலே மட்டம் என்றோ உசத்தி என்றோ முடிவு கட்டாதீர்கள், சகோதரி. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் சார்ட்டர் பிள்ளைகளுக்குச் சராசரியாகக் கூடுதலாகக் கிடைத்தது வாசிப்பில் ஆண்டுக்கு 16 நாள் பாடம், கணக்கில் 6 நாள், அவ்வளவுதான். ஏழைக் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன் அதைவிட அதிகம். உங்கள் வாட்ஸ்அப் குழு இழுத்த பள்ளி அந்த வகையாகவும் இருக்கலாம்.

செயின்ட் பால், மினசோட்டா, வகுப்பறை உதவியாளர்:

சார்ட்டர் சட்டம் 1991-ல முதல்ல வந்தது எங்க மாநிலத்துலதான். நான் வேலை பார்க்கிற ஸ்கூல்ல பெரும்பாலும் ஹ்மாங் பிள்ளைங்க. 1975-க்கு அப்புறம் லாவோஸை விட்டுத் தப்பிச்சு, தாய்லாந்து முகாம்ல இருந்து இங்க வந்த குடும்பங்க. அறிக்கையில அவங்களும் 'ஏஷியன்', சாஃப்ட்வேர் எஞ்சினியர் வீட்டு என் பிள்ளையும் 'ஏஷியன்'. அந்த ஒரு எண்ணை வச்சுக்கிட்டு யாரு என்னத்தைப் புரிஞ்சுக்கிறது?

போன வருஷம் மூணாம் வகுப்புல ஒரு பையன். செப்டம்பர்ல ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்துலயே தடுமாறினான். பாட்டி தினமும் மதியம் வந்து வராந்தாவுல உட்காருவாங்க, ஹ்மாங்லயே டீச்சர்கிட்ட பேசுவாங்க. பேச முடியுதுங்கிறதுக்காகவே அந்த ஸ்கூலைத் தேடி வந்தவங்க. ஏப்ரல்ல அவன் ரெண்டாம் வகுப்பு முடிச்ச பிள்ளை மாதிரி சரளமா வாசிச்சான். எட்டு மாசத்துல ஏறக்குறைய ரெண்டு வருஷத்துப் படிப்பு. மாநிலத் தேர்வுல வந்த முடிவு? தேறவில்லை. அன்னிக்கு நானும் டீச்சரும் ஸ்டாஃப் ரூம்ல பேசாம காபி குடிச்சோம்.

சான் ஹோசே, கிண்டர்கார்டன் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி பிரிவு வாரியா திறந்து பார்த்தேன். குரூப்ல கொண்டாடுற ஸ்கூலைவிட, ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைங்க இங்கதான் நல்லா பண்றாங்க. அவர் நம்பல. எக்செல்ல போட்டுத் திரும்பப் பார்த்துட்டு, "சரி, ஆனா நம்ம பொண்ணு மாதிரி அங்க யாருமே இல்லையே"ங்கிறார். அவ்வளவு நேரம் மார்க் மார்க்னு சொன்னவர்! வியாழன் காலையில ரெண்டு பேரும் போய் ஒரு வகுப்புல உட்காரப் போறோம்.

ஃப்ரீமான்ட் அக்கா, அந்தப் படிவத்துல நான் என்ன எழுத?

ஃப்ரீமான்ட், ரெண்டு பிள்ளைங்களோட அம்மா:

தமிழ்னே எழுது. எல்பாக் அன்னிக்கு மட்டும் வாயைத் திறந்து பேசச் சொல்லு.