டிராவல் டிரெய்லரில் தண்ணீர்ப் பம்பை மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். மிச்சிகனில் வசிக்கிறோம். எங்கள் பழைய டிராவல் டிரெய்லரில் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டில்) உள்ள 12 வோல்ட் பம்பு, இரவில் யாராவது குழாயைத் திறந்தால் உறங்குபவர்களை எழுப்பிவிடும் அளவுக்கு அதிர்கிறது. ஷவரிலும் தண்ணீர் சீராக வராமல் விட்டுவிட்டு வருகிறது. இப்போதிருப்பது நிமிடத்துக்கு 3 கேலன் தரும் பம்பு. அதற்குப் பதிலாக 5 கேலன் பம்பு வாங்கலாமா, குழாய்களையும் மாற்ற வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. பெரிய பம்பு இவ்விரண்டு குறைகளையும் தீர்க்காது. அமெரிக்காவில் ஷவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே நிமிடத்துக்கு 2.5 கேலன்தான், உங்கள் பம்பு அதற்குத் தாராளமாகப் போதும். குழாயைக் குறைவாகத் திறக்கும்போது அழுத்தம் விரைவில் உச்சத்தை எட்டுவதால் பம்பு நின்றுவிடுகிறது, அழுத்தம் இறங்கியதும் மீண்டும் ஓடுகிறது; தண்ணீர் விட்டுவிட்டு வருவது இதனால்தான். பம்புக்கு அடுத்தபடியாக ஒரு சிறிய அக்யுமுலேட்டர் டேங்க்கை, அதாவது காற்றழுத்தத்தில் தண்ணீரைச் சேர்த்துவைத்து அழுத்தத்தைச் சீராக்கும் கலத்தை, பொருத்துங்கள். பம்பை நிறுத்தி, குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்த பிறகு, பம்பு மீண்டும் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு ஏற்ப அதில் காற்றடிக்க வேண்டும். சைக்கிள் பம்பே போதும்.

சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், விறைப்பான பெக்ஸ் (ஒருவகைப் பிளாஸ்டிக்) குழாயைப் பம்பில் நேராக இணைத்திருப்பதுதான். இருபுறமும் ஒன்றரை அடி நீள வளையும் ஹோஸ் போட்டு, குழாய்கள் பலகையில் உரசும் இடங்களில் நுரைப் பட்டை சுற்றுங்கள். பம்பின் ரப்பர் கால்கள் நசுங்கும்படி திருகாணிகளை முறுக்கக் கூடாது; ரப்பர் நசுங்கினால் அதிர்வு முழுவதும் தரைக்கு இறங்கிவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் பம்பு ஓடும்போது அதன் முனைகளில் வோல்ட் அளவை அளந்து பாருங்கள். பாட்டரியில் இருப்பதைவிட அங்கே வெகுவாகக் குறைந்தால், வயர் மெல்லியது அல்லது இணைப்பு தளர்ந்துள்ளது என்று பொருள். அந்நிலையில் எந்தப் புதிய பம்பும் முழுத் திறனைத் தராது. பம்புக்கு முன்னுள்ள வடிகட்டியையும் கழற்றிக் கழுவுங்கள். டிரெய்லர் 1995க்கு முற்பட்டதாக இருந்து, குழாய்கள் சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும், தயங்காமல் அனைத்தையும் பெக்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. குழாய்கள் வெண்ணிறப் பெக்ஸ்தான். வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் பம்பு வாங்கினால் அக்யுமுலேட்டர் தேவைப்படுமா?

மறுமொழி 1:
தேவையில்லை. திறந்திருக்கும் குழாய்க்கு ஏற்ப அந்தப் பம்பே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அக்யுமுலேட்டர் அதன் கட்டுப்பாட்டைக் குழப்பக்கூடும். விலை அதிகம் என்பதால் முதலில் ஹோஸை மாற்றிப் பாருங்கள்.

மறுமொழி 3:
மிச்சிகன் குளிரை மறந்துவிடாதீர்கள். ஹோஸ் மாற்றும்போதே பம்பின் உள்வழியில் ஒரு மும்முனை வால்வும், வெந்நீர் டேங்க்குக்குள் போகாமல் சுற்றிச் செல்லும் பைபாஸ் வழியும் பொருத்திவிட்டால், குளிர்காலத்துக்கு முன் இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்டிஃபிரீஸை (டிரெய்லர் குழாய்கள் குளிரில் உறையாமல் காக்கும் திரவத்தை) நேராக உறிஞ்சவிடலாம். பைபாஸ் இல்லையெனில் வெந்நீர் டேங்க் நிரம்பவே பல கேலன் வீணாகும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் ஆன்டிஃபிரீஸ் நஞ்சு; அதைக் குடிநீர்க் குழாயில் எக்காரணம் கொண்டும் செலுத்தாதீர்கள்.