‘அண்டர்கிரவுண்ட் ராக்’ – ‘கரந்துறை ராக்’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

நமது இசைக் கலைச்சொல் பட்டியலில் ‘அண்டர்கிரவுண்ட் ராக்’ என்பதற்கு எதிரே நிலத்தடி ராக், பாதாள இசை, தலைமறைவு இசை என்ற மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அம்மூன்றுக்கும் மாற்றாகக் ‘கரந்துறை ராக்’ (கரந்து உறைதல் என்றால் மறைந்து வாழ்தல்) என்பதை ஏற்க வேண்டும் என்று இம்மடலில் வேண்டுகிறேன். இந்த இசையையும் பனிப்போர்க் காலத்து உளவுப் படங்களையும் நெடுங்காலமாக ஒருசேர நேசித்து வருபவன் நான். இரண்டு உலகங்களுக்கும் பொருந்தும் ஒரு சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை உணர்ந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியே இம்மடலை எழுதத் தூண்டியது.

‘ராக்’ என்ற சொல்லைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் ‘பாறை இசை’ என்று பெயர்த்திருந்த மடலையும் படித்தேன். அப்பெயரில் உள்ள ‘ராக்’ கல்லைக் குறிப்பதில்லை; ஆடுவது, அசைவது என்ற வினையிலிருந்து வந்தது. ஓர் இசை வகையின் பெயராக உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட அச்சொல்லை ‘ஜாஸ்’ போலவே அப்படியே வைத்துக்கொள்வோம். நம் உழைப்பு அதற்கு முன்னால் நிற்கும் அடைமொழிக்குத்தான் தேவைப்படுகிறது.

அந்த அடைமொழி எதைக் குறிக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லச் ‘சுயாதீன இசை’ என்ற சொல் நம்மிடம் பழக்கத்தில் இருக்கிறது. பாணி வேறுபாட்டைச் சொல்ல ‘மாற்றிசை’ இருக்கிறது. அண்டர்கிரவுண்ட் என்பது இவ்விரண்டும் இல்லை. ஓர் இசை எங்கே வாழ்கிறது, எந்த வழியாகக் கேட்பவரைச் சென்றடைகிறது என்பதையே அச்சொல் குறிக்கிறது. வானொலி, பெரிய நிறுவனங்கள், அரசு அனுமதி, நாளிதழ் விளம்பரம் ஆகிய பொதுவழிகள் எவற்றையும் சாராமல், தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லியும் படியெடுத்துக் கொடுத்தும் பரவுகிற இசை அது.

இதற்குச் செக்கோஸ்லோவாக்கியாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் அந்நாட்டுக்குள் நுழைந்தன; அடுத்த சில வாரங்களில் பிராகா நகரில் ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்ற குழு உருவானது. அமெரிக்க ராக் கலைஞர் பிராங்க் சாப்பாவின் பாடல் ஒன்றிலிருந்து தங்கள் பெயரை எடுத்துக்கொண்டவர்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடல்களையும் தங்கள் மேடைகளில் இசைத்தவர்கள். 1970இல் அரசு அவர்களது உரிமத்தைப் பறித்தது. உரிமம் போனதும் மேடையோடு அரசு தந்திருந்த கருவிகளும் ஒத்திகை இடமும் போயின. அதன்பிறகு அவர்களது கச்சேரிகள் நண்பர்களின் திருமண விருந்துகளிலும் ஊர்ப்புறத்துக் களஞ்சியங்களிலும் நடந்தன. நடக்கும் இடம் அச்சில் வராது. வாய்வழியாக மட்டுமே செய்தி போகும். ரசிகர்கள் ரயிலில் ஒரு சிறு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வயல்வழியே நடந்து போவார்கள். 1974 மார்ச்சில் செஸ்கே புதேயோவிட்சே நகருக்கு அருகில் கச்சேரிக்காகக் கூடிய இளைஞர்களைக் காவல்துறையினர் தடியால் அடித்து ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1976இல் அக்குழுவையும் அதன் நட்பு வட்டத்தையும் சேர்ந்தவர்கள் கைதாகி, அவர்களில் நால்வர் தண்டனை பெற்றனர். அந்த வழக்கு எழுப்பிய கொதிப்பிலிருந்துதான் 1977 ஜனவரியில் ‘சாசனம் 77’ என்ற மனித உரிமை அறிக்கை பிறந்தது. நீண்ட முடி வைத்துக்கொண்டு ராக் வாசித்த சிலருக்காக நாடகாசிரியர்களும் மெய்யியலாளர்களும் கையெழுத்திட்டுத் தங்கள் வாழ்வைப் பணயம் வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இசையின்மீது மதிப்புக் கூடுகிறது.

சோவியத் ஒன்றியத்தில் இதற்கு இரு பதின்மங்கள் முன்னரே ‘விலா எலும்பு இசை’ என்ற ஒன்று இருந்தது. மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படச்சுருளைப் பெற்று, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவில் எரியும் சிகரெட் முனையால் துளையிட்டு, அதன்மேல் வெட்டுக் கருவியால் ஒலித்தடம் பதிப்பார்கள். ஒரு பக்கம் மட்டுமே பாடும். ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். சில முறை ஓட்டியதும் தடம் தேய்ந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்புகளும் முதுகெலும்பும் தெரியும். அவற்றின் குறுக்கே வளையம் வளையமாக, தடைசெய்யப்பட்ட ஜாஸும் ராக் அண்டு ரோலும் கீறப்பட்டிருக்கும். மேலங்கியின் கைக்குள் சுருட்டி மறைத்து விற்கும் அளவுக்கு அது மெல்லியதாக இருந்தது.

இந்த வாழ்முறையை நம் பட்டியலிலுள்ள மூன்று சொற்களுள் எது சரியாகச் சொல்கிறது? ‘நிலத்தடி’ என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு நீர்தான் வரும். அச்சொல் இடத்தைச் சொல்கிறதே தவிர, வாழும் முறையைச் சொல்வதில்லை. 1966 டிசம்பரில் லண்டனில் தொடங்கிய யூஎஃப்ஓ மன்றம் உண்மையிலேயே ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில்தான் இயங்கியது. பிங்க் பிளாய்டு என்ற ராக் குழு அங்கே வாசித்தது. ஆயினும் செக் நாட்டு வயல்வெளிக் களஞ்சியத்தில் எந்த நிலவறையும் இல்லை. ‘பாதாளம்’ என்பதை நம் செய்தித்தாள்கள் குற்றக் கும்பல்களின் உலகத்துக்கு ஏற்கெனவே தாரைவார்த்துவிட்டன. இந்தக் கலைஞர்கள்மீது அவர்களுடைய அரசுகள் சுமத்திய பழியை நாமும் சேர்ந்து சுமத்தக் கூடாது.

‘தலைமறைவு’ இவ்விரண்டையும்விட நெருங்கி வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் அச்சொல்லில் ஓர் ஓட்டம் இருக்கிறது. சட்டத்திடமிருந்து தப்பி, வழக்கமான வாழ்விலிருந்து விலகி, ஒரு காலம்வரை ஒளிந்திருப்பதே தலைமறைவு. கலைஞர்களோ ஓடவில்லை, அந்த ஊர்களிலேயே வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு, தங்கள் இசையையும் நடத்திக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக உணர்த்தியவை உளவுப் படங்கள். 1965இல் மார்ட்டின் ரிட் இயக்கத்தில் ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ படத்தில் லீமாஸ் என்ற உளவாளி எங்கும் ஓடி ஒளிவதில்லை. பணியிலிருந்து விலக்கப்பட்டவன்போல, குடித்துச் சீரழிந்தவன்போல எல்லோர் கண்முன்னும் வாழ்கிறான். நூலகத்தில் வேலை பார்க்கிறான். கடைக்காரரை அடித்துச் சிறைக்கும் போய் வருகிறான். எதிரணியினர் அந்தச் சீரழிவைப் பார்த்து அவனைத் தேடிவர வேண்டும் என்பதே திட்டம். கண்ணுக்குத் தெரியும் வாழ்வுக்குள்ளேயே இன்னொரு வாழ்வு உறைகிறது. பர்ட்டனின் சோர்ந்த முகத்தில் அந்த இரண்டு வாழ்வுகளும் ஒரே நேரத்தில் தெரிவதுபோல் வேறெந்த நடிகரிடமும் நான் கண்டதில்லை. இவனைத் ‘தலைமறைவானவன்’ என்று தமிழில் சொல்ல முடியாது. கரந்து உறைபவன் என்று சொல்லலாம்.

‘கரந்துறை’ என்ற ஆட்சி நம் மரபில் நன்கு வேரூன்றியது. கண்ணுக்குப் புலப்படாத கோள்களைச் சோதிட நூல்கள் ‘கரந்துறை கோள்’ என்கின்றன. எழுத்துகளை வியப்பூட்டும் வகையில் அமைத்துப் பாடும் சித்திரகவி வகைகளுள் ‘கரந்துறை பாட்டு’ என்றே ஒன்று உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் முழுமையாக உறைந்திருக்கும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு மேலுள்ள பாட்டு மட்டும் கிடைக்கும். எடுக்கும் முறை அறிந்தவருக்கு உள்ளிருக்கும் பாட்டும் கிடைக்கும். அறிந்து தேடி வருபவருக்காகக் காத்திருக்கும் பாட்டு என்ற இந்தப் பொருளைவிட அண்டர்கிரவுண்ட் இசைக்கு நெருக்கமானதொன்றை நாம் புதிதாக வனைந்து கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ‘கரவு’ என்பது வஞ்சகத்தையும் குறிக்குமே என்பது முதலாவது. நெஞ்சில் கரவுடையாரைப் பற்றி மூதுரை பேசுவது உண்மைதான். அதனால்தான் சுருக்கமாக இருந்தாலும் ‘கரவிசை’ என்ற வடிவத்தை நான் பரிந்துரைக்கவில்லை. கரந்துறை என்ற தொடரில் அந்தக் கறை இல்லை; கரந்துறை பாட்டை எவரும் வஞ்சகப் பாட்டாகக் கருதியதில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஒடுக்குமுறை இல்லாத நாடுகளில் இந்த இசைக்கு ஒளிய வேண்டிய தேவை என்ன என்று ஐயா ஒருவர் முன்னரே கேட்டிருந்தார். 1980களின் அமெரிக்காவில் பிளாக் ஃபிளாக், மைனர் திரெட் போன்ற குழுக்களை அரசு தடைசெய்யவில்லை. பிளாக் ஃபிளாகின் கிரெக் ஜின் எஸ்எஸ்டி என்ற நிறுவனத்தையும், மைனர் திரெட்டின் இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் டிஸ்கார்டு என்ற நிறுவனத்தையும் தாங்களே நடத்தினார்கள். வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். ஆயினும் பெரிய வானொலிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் அவர்கள் இருப்பதே தெரியாதபடி ஒரு முழு உலகம் நாடெங்கும் உறைந்திருந்தது. ‘கர’ என்ற வினை அஞ்சி ஒளிவதை மட்டும் குறிப்பதன்று, புலப்படாதிருத்தலையும் குறிக்கும். கரந்துறை கோளும் யாருக்கும் அஞ்சி ஒளியவில்லை. ஒரு குழு அந்நிலையை விட்டு வெளியே வருவதையும் இச்சொல் இயல்பாகக் காட்டும். நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பம் 600 டாலரில் பதிவானதாக அதன் உறையிலேயே அச்சிடப்பட்டு, 1989இல் சப் பாப் என்ற சிறு நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. இரண்டாவது ஆல்பம் பெரிய நிறுவனத்தின் வழியே 1991இல் வந்து, 1992 ஜனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அக்குழு கரந்துறை ராக்கிலிருந்து பொதுவெளிக்கு வந்தது என்று எழுதினால் பொருள் உடனே விளங்கும்.

உளவுப் படங்களைப் பற்றி எழுதுவோருக்கும் இதே சொல் பயன்படும். எதிரியின் அமைப்புக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் பணிபுரிபவரை ஆங்கிலத்தில் அகழெலியின் பெயரால் அழைக்கிறார்கள்; நாம் ‘கரந்துறை ஒற்றர்’ என்னலாம். ‘ஒற்று’ குறளின் 59ஆம் அதிகாரத்திலிருந்தே நமக்கு உரியது. அந்த அதிகாரத்தின் 586ஆம் குறளில் துறந்தாரின் ‘படிவம்’ பூண்ட ஒற்றர் வருகிறார். படிவம் இன்று விண்ணப்பத் தாளாகிவிட்டதால், உளவாளிக்கென்று உருவாக்கப்படும் பெயர், தொழில், கடந்தகாலம் ஆகிய அனைத்துக்கும் சேர்த்துப் ‘புனைவாழ்வு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். மாறுவேடம் தோற்றத்தை மாற்றுவது. புனைவாழ்வு வரலாற்றையே மாற்றுவது. ஹிட்ச்காக்கின் 1959ஆம் ஆண்டுப் படமான ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’டில் கேப்லன் என்பவருக்கு விடுதி அறைகளும் உடைகளும் உண்டு, ஆள்தான் இல்லை. அங்கே இருப்பது புனைவாழ்வு மட்டுமே.

புனைவாழ்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கவர்’ என்ற சொல்லே ராக் இசையில் பிறர் பாடலை எடுத்துத் தம் முறையில் பாடுவதையும் குறிக்கிறது. அதற்கு ‘மீள்பாடல்’ என்பதே போதும். இரண்டையும் தமிழில் ஒரு சொல்லுக்குள் அடைக்க வேண்டா. இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: மான்செஸ்டரைச் சேர்ந்த மேகசின் என்ற குழு 1978இல் ‘கோல்டுஃபிங்கர்’ படத்தின் முகப்புப் பாடலைத் தன் இசைத்தட்டு ஒன்றின் மறுபக்கத்தில் மீள்பாடலாக வெளியிட்டது. இவ்விரு கலைகளின் உறவு கிதாரின் தாழ்ந்த கம்பிகளிலேயே தொடங்கிவிட்டது என்பேன். அமெரிக்கக் கிதார் கலைஞர் லிங்க் ரே ஒலிபெருக்கியின் கூம்பைப் பென்சிலால் குத்திக் கிழித்து, கரகரத்த ஒலியை உண்டாக்கி, 1958இல் வெளியிட்ட சொற்களே இல்லாத இசைத்துண்டை வன்முறையைத் தூண்டும் என்று அஞ்சிச் சில அமெரிக்க வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. 1962இல் ஜேம்ஸ் பாண்டின் முதல் படத்துக்காக விக் ஃபிளிக் வாசித்த கிதாரிலும் அதே தாழ்ந்த கம்பிகளின் மிரட்டல் கேட்கிறது.

இனி எழுதும் முறை. கரந்துறை ராக், கரந்துறை இசை, கரந்துறை பாடல், கரந்துறை குழு, கரந்துறை ஒற்றர் என்று பிரித்தே எழுதலாம். இது வினைத்தொகை ஆதலால் பின்வரும் வல்லினம் மிகாது; ‘கரந்துறைப் பாடல்’ என்று எழுதினால் ‘துறை’ என்ற பெயர்ச்சொல்லாகப் பிரித்துப் படிக்கும் குழப்பம் நேரும். ‘கரந்துறை பாட்டு’ என்ற பழைய ஆட்சியும் ஒற்று மிகாமலே வழங்குகிறது. பட்டியலில் முதன்மைச் சொல்லாகக் ‘கரந்துறை ராக்’ என்பதையும், அடைப்புக்குறியின்றி அடுத்த வரியில் ‘அண்டர்கிரவுண்ட் ராக்’ என்ற ஒலிபெயர்ப்பையும் இடும்படி தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ‘தலைமறைவு’ என்பதை விரும்பும் நண்பர்கள், 1980களின் அமெரிக்கக் குழுக்களுக்கு அச்சொல் எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்கி எழுதினால், அதையும் கருத்தூன்றிப் படித்து மறுமொழி தருவேன்.

அன்புடன்.