போர்ட்டல் வந்தபிறகு பிளஸ் டூ பையனுக்கு இடம் கிடைக்குமா?

தல்லாகுளத்தான்: டெக்சாஸ்ல அக்கா மகன் பிளஸ் டூ, அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறான். பெரிய காலேஜ் எதுவும் கூப்பிடல. ஏன்ணே?

ரேஸ்கோர்ஸ்: காலேஜ் மாற நினைக்கிற ஆட்டக்காரங்க பேர் பதியிற போர்ட்டல்தான் காரணம். 2021-ல், ஒருதடவை காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆடாம சும்மா உட்காரத் தேவையில்லைன்னாங்க, 2024-ல் அந்த 'ஒருதடவை'யும் போச்சு. வேற காலேஜ்ல இருந்து 22 வயசு ஆள் ரெடியா கிடைக்கும்போது 17 வயசுப் பையனை எந்த கோச் வளர்ப்பார்? அடுத்த மட்டத்துல ஆடுற டிவிஷன் டூ காலேஜ்களுக்கு இப்பவே ஆட்ட வீடியோ அனுப்பச் சொல்லுங்க. டிவிஷன் த்ரீயில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கிடையாது, பார்த்துக்கங்க.

ஆனையூரான்: சேர்ந்துட்டு மாறிக்கலாம்னா, கிரெடிட், அதாவது முடிச்ச பாடங்களோட கணக்கு, இடிக்கும். பெரிய காலேஜ்கள் ஆடுற டிவிஷன் ஒன்னில், மூணாம் வருஷம் தொடங்குமுன் டிகிரியில் 40 சதவீதம் முடிச்சிருக்கணும். புதுக் காலேஜ் பழைய பேப்பரை ஏத்துக்கலைன்னா ஆட முடியாது. போர்ட்டலில் பேர் ஏறினதும் பழைய காலேஜ் அந்த செமஸ்டர் முடிஞ்சதும் ஸ்காலர்ஷிப்பையும் நிறுத்தலாம்.

தல்லாகுளத்தான்: மேஜரை, அதான் முக்கியப் பாடத்தை, மாத்தினா?

ஆனையூரான்: புது மேஜர் கணக்கில்தான் அந்த 40 பார்ப்பாங்க.