கம்பம் - குமுளி பக்கம் மனநல ஆதரவு குரூப்: வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?

ஏலக்காட்டுத்தம்பி
கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் இருக்கிற தமிழ்ப் பசங்க, பொண்ணுங்க மனசு விட்டுப் பேச ஒரு குரூப் தொடங்கப் போறோம். முதல்ல 40 பேர். ஒரே லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அடுத்தடுத்த வீட்டுக்காரங்களும் அதுல இருப்பாங்க, அதான் பயம். எந்த ஆப் நல்லது? ராத்திரி யாராவது "இனி முடியல"ன்னு போட்டா என்ன செய்யணும்? மாத்திரை பத்திப் பேச விடலாமா?

மலைப்பாதை
வாட்ஸ்அப் வேண்டாம் தம்பி. குரூப்ல இருக்கிற எல்லாருக்கும் நம்பர் தெரியும். ஒருத்தர் விலகினாலும் 60 நாள் வரைக்கும் பழைய உறுப்பினர் பட்டியல்ல பேர் கிடக்கும்.

டெலிகிராம்ல நம்பரை மறைக்கலாம்: செட்டிங்ஸ், பிரைவசி, போன் நம்பர், "யாருக்கும் வேண்டாம்". ஆனா அதோட வேலை முடியாது. உங்க நம்பரை ஏற்கெனவே சேமிச்சு வெச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் போன்ல, நீங்க என்ன புனைபெயர் வெச்சாலும் அவர் சேமிச்ச பேருதான் வரும். "கொச்சுராணி மகன் முருகன்"னு சேமிச்சிருந்தா அப்படியேதான். தப்பிக்க நம்பகமான வழி, ஊர்ல யார்கிட்டயும் இல்லாத நம்பர்ல தனிக் கணக்கு. இன்னொண்ணு, டெலிகிராம் குரூப் பேச்சு முனைக்கு முனை பூட்டினது இல்ல, அதாவது பேசுறவங்க தவிர வேற யாரும் படிக்க முடியாதுன்னு சொல்ல முடியாது. அந்தப் பூட்டு, ரெண்டு பேர் மட்டும் பேசுற சீக்ரெட் சாட்டுக்கு மட்டும்தான்.

40 பேருக்கு சிக்னல்ங்கிற ஆப் போதும். நம்பரைப் பார்க்கிறதுக்கும், நம்பரை வெச்சுத் தேடுறதுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ரெண்டையும் "யாருக்கும் இல்லை"ன்னு மாத்திட்டு அப்புறம் குரூப் லிங்க்ல வரச் சொல்லுங்க. அப்பவும் ஏற்கெனவே சிக்னல்ல தொடர்புல இருக்கிறவங்ககிட்ட மறைய முடியாது, அதை முன்னாடியே சொல்லிடுங்க. புரொபைல் படம் வேண்டாம். செய்தி தானா அழியிற வசதியை 4 வாரம்னு வைங்க.

வீட்டுல ஒரே போனை நாலு பேர் எடுக்கிற இடம் அது. பூட்டின திரையில செய்தி தெரியாம நோட்டிபிகேஷன் முன்னோட்டத்தை அணைக்கச் சொல்லுங்க. வெளிய தெரியிறது பெரும்பாலும் இதனாலதான்.

தேக்கடி_மூலை
ராத்திரிச் செய்திக்கு வர்றேன். பார்க்க ஆள் இல்லாத நேரத்துல குரூப்பைத் திறந்து வைக்காதீங்க. 11 மணிக்கு மேல அட்மின் மட்டும் பதிவு போடுற மாதிரி மாத்திட்டு, மேல ஒட்டிவைக்கிற செய்தியில 14416 போடுங்க. அது டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழும் மலையாளமும் உண்டு. கேரளா பக்கம் இருக்கிறவங்களுக்கு திஷா (கேரள அரசோட உதவி எண்) 1056-ம் இருக்கு. பூட்டினா மனசு நோகும்னு சிலர் சொல்வாங்க. போட்ட செய்திக்கு விடியிற வரைக்கும் பதில் வராம கிடக்கிறது அதைவிட மோசம்.

திறந்திருக்கிற நேரத்துல எப்பவும் ரெண்டு பேர் பொறுப்புல இருக்கணும். ஒருத்தர் அந்த ஆளோட தனிச்செய்தியில பேசிக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தர் உதவிக்குப் போன் பண்ணணும். சுத்தி வளைக்காம "சாகணும்னு தோணுதா?"ன்னு கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. அடுத்து, எப்படின்னு யோசிச்சிருக்காரா, அது கைக்கு எட்டுற தூரத்துல இருக்கா, இப்ப கூட யார் இருக்காங்க. ஏலத் தோட்டத்துல அடிக்கிற பூச்சிமருந்து வீட்டுலயே இருக்கும். அன்னைக்கு ராத்திரியே அதை வேற வீட்டுக்கு மாத்த வைங்க. வழிமுறை பத்தின விவரம் குரூப்ல வந்தா உடனே நீக்குங்க, விவாதமே வேண்டாம்.

பூச்சிமருந்தை ஏற்கெனவே குடிச்சிட்டார்னா உப்புத்தண்ணி, சாணித்தண்ணி எதுவும் கொடுக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். டப்பாவை லேபிளோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. 108-ல முதல் வாக்கியத்திலயே மாநிலம், ஊர், எஸ்டேட் பேர், எஸ்டேட்ல எந்த டிவிஷன் (பகுதி)னு சொல்லுங்க. எல்லையில டவர் மாறிக்கிட்டே இருக்கும்.

போலீஸ் கேஸ் ஆயிடும்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம இருக்கிறவங்க உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115-வது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கிறது இல்ல. ஆஸ்பத்திரியில பதிவு பண்ணுவாங்க, அதுக்குப் பயப்பட வேண்டாம்.

சேரும்போதே ஊர், நம்பிக்கையான ஒருத்தரோட நம்பர் வாங்கி, ஒரு அட்மின்கிட்ட மட்டும் நோட்டுல எழுதி வைங்க. எப்ப அதை எடுப்பீங்கன்னும் அப்பவே சொல்லிடணும்.

பார்மசி_அக்கா
மாத்திரை பத்திப் பேசலாம், அளவு மட்டும் பேசக் கூடாது. "தொடங்கி ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் தெரியல"ன்னு வரும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும்னு சொல்லலாம். "நல்லாயிட்டேன், நிறுத்திட்டேன்"னு வந்தா விடாதீங்க. சட்டுனு நிறுத்தினா தலைசுத்தல், தூக்கம் கெடுறது, தலைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி வெட்டுறது எல்லாம் வரலாம். நோய் திரும்பிடுச்சுன்னு நெனச்சுக்கிறாங்க. டாக்டர் படிப்படியாத்தான் குறைப்பார். லித்தியம்ங்கிற மனநல மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரத்தத்துல அதோட அளவு பார்க்கணும், வயித்துப்போக்கு வந்தாகூட அந்த அளவு ஏறிடலாம். "எனக்கு இந்த மாத்திரை நல்லாக் கேட்டுச்சு"ன்னு மாத்திரை பேரோட போடுற பதிவுதான் பெரிய தொல்லை, அதையும் நீக்கிடுங்க.

ஏலக்காட்டுத்தம்பி
சரிக்கா. டாக்டரைப் பார்க்க எந்தப் பக்கம் அனுப்புறது?

பார்மசி_அக்கா
பஸ் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம். தேனி மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு. ரெண்டு மாநிலத்திலயும் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் சில அரசு ஆஸ்பத்திரிக்குக் குறிப்பிட்ட நாள் மட்டும்தான் வருவார், அந்தக் கிழமையைக் கேட்டு குரூப்ல ஒட்டி வைங்க. கூலியை விட்டுட்டு வந்து ஏமாந்து திரும்பினா, அடுத்த முறை வர மாட்டாங்க.