புதுப்பிப்பு: நித்தியகல்யாணி காலஸ் என்ன ஆச்சு?

நித்தியகல்யாணி இலைத்துண்டுல இருந்து காலஸ் (வெட்டின இடத்துல வளர்ற, உருவம் பிரியாத செல் திரள்) வளர்க்கப் பார்த்து, இலைத்துண்டு வச்ச பாட்டில் பூரா பூஞ்சை புடிச்சுப் போச்சுன்னு போன மாசம் புலம்பியிருந்தேனே, அதோட தொடர்ச்சி இது. பாதிப் பேர் ஆட்டோகிளேவைத்தான் (நீராவி அழுத்தத்துல கிருமி நீக்கற கலன்) சந்தேகப்பட்டீங்க. அது 121 டிகிரியில 20 நிமிஷம் ஒழுங்காத்தான் ஓடுது. தப்பு என் மேலதான். அஸ்தம்பட்டி வீட்டு வாசல் செடியில, மழை பெஞ்ச மறுநாள் காலையில, பூஞ்சை ஒட்டியிருந்த ஈர இலையைப் பறிச்சிருக்கேன்! இந்தத் தடவை தொட்டியைத் தாழ்வாரத்துல ரெண்டு வாரம் வச்சு, இலை நனையாம வேருக்கு மட்டும் தண்ணி ஊத்தி, துளிரா எடுத்தேன். 12 பாட்டில்ல 9 சுத்தம். (சுடுகாட்டு மல்லியை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டு வர்றேன்னு அம்மா திட்டினது தனிக்கதை.)

நாலாவது வாரம், வெட்டின ஓரத்துல வெளிர்மஞ்சளா, ஈர ரவை மாதிரி காலஸ் வந்திருக்கு.

“அப்ப புற்றுநோய் மருந்து எடுத்துடலாமா?”ன்னு கேட்ட அண்ணனுக்கு: முடியாதுங்க. இந்தச் செடியில கிடைக்கற புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்கு, செடி தயாரிக்கற கேதரந்தின், விண்டோலின்ங்கற ரெண்டு பொருளும் சேரணும். முதலாவது செல் வளர்ப்புல கிடைக்கும். விண்டோலினோட கடைசிப் படிகள் இலையில இருக்கற தனிவகை செல்கள்ல நடக்குது. காலஸ்ல அந்த செல்லுங்க உருவாகறதே இல்ல. எல்லாச் செடியும் இப்படி அடம்பிடிக்காது. ஜப்பான்ல 1980-கள்லயே ஷிகோனின்ங்கற சிவப்புச் சாயத்தைப் பெரிய கலன்ல செடியோட செல்லை வளர்த்து எடுத்து உதட்டுச்சாயத்துல போட்டாங்க.

அடுத்து மருந்துக்கூர்க்கன்ங்கற மூலிகை. அதோட மருந்துப் பொருளான ஃபோர்ஸ்கோலின் வேர்ல இருக்கறதால காலஸை நம்பாம வேரையே வளர்க்கப் போறேன். ஆத்தூர்ப் பக்கம் பயிர் வச்சிருக்கவங்க தண்டுத்துண்டு நாலு குடுத்தா புண்ணியமாப் போகும்.