இலங்கைக்குக் கடலடி கரண்ட்: ஏன் டிசி?

தேவனாம்பட்டினத்தான்:
கடலூரில் டிப்ளமோ ஈஇஇ (எலக்ட்ரிகல்) இரண்டாம் வருடம். ஏசிக்குத்தான் (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) டிரான்ஸ்பார்மர் உண்டு, அதனால்தான் டிசி (ஒரே திசையில் ஓடுவது) தோற்றது என்று வகுப்பில் படித்துவிட்டு வந்தால், மதுரையிலிருந்து இலங்கைக்குப் போட வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கும் லைன் டிசியாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தானே, அதற்கு எதற்கு இரண்டு கரையிலும் ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்ற அவ்வளவு பெரிய கன்வர்ட்டர் ஸ்டேஷன்?

பாண்டி_மோட்டார்:
கேபிளே ஒரு நீளமான கெபாசிட்டர்தான் (சார்ஜைப் பிடித்து வைப்பது) தம்பி. 50 ஹெர்ட்ஸ் ஏசியில் (நொடிக்கு 50 சுற்று) நொடிக்கு நூறு தடவை அதை நிரப்பிக் காலி பண்ண வேண்டும், நீளம் கூடக்கூட அதற்கே கரண்ட் போய்விடும், லோடுக்கு மிஞ்சாது. டிசியில் ஒருமுறை சார்ஜ் ஆனால் சரி. நார்வே - நெதர்லாந்து கேபிள் 580 கி.மீ., 2008லிருந்து ஓடுகிறது. ஏசியில் நடக்காது.

நெய்வேலி_ரிட்டயர்டு:
அவர் சொன்னது சரிதான், ஆனால் உன் கேள்விக்கு அது பதில் இல்லை தம்பி. 30 கி.மீ.க்கு ஏசி கேபிளே போடலாம். விவகாரம் கடலில் இல்லை, கிரிட்டில் (நாட்டின் மொத்த மின் வலையமைப்பு). ஏசியில் இணைத்தால் இரண்டு நாடும் ஒரே பிரீக்வென்சியில் ஓடியாக வேண்டும், யானையையும் கன்றுக்குட்டியையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதை. டிசியில் நாம் எவ்வளவு மெகாவாட் செட் பண்ணுகிறோமோ அவ்வளவுதான் போகும், இங்கே நடக்கும் ஆட்டம் அங்கே தெரியாது. 2012 ஜூலை 30, 31இல் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியதே, தால்ச்சர் (ஒடிசா) - கோலார் (கர்நாடகா) லைன் மாதிரி டிசி வழியாக மட்டும் நாம் அவர்களோடு இணைந்திருந்ததால்தான். (நமக்கு அன்றைக்கும் வழக்கமான பவர்கட் இருந்தது, அது வேறு.) பங்களாதேஷைப் பார், நடுவில் கடலே இல்லை, பேராமராவில் ஒரே காம்பவுண்டுக்குள் ஏசியை டிசியாக்கி மறுபடி ஏசியாக்கி 2013இல் 500 மெகாவாட் வாங்கத் தொடங்கினார்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
அப்படியென்றால் அந்த டிசி லைனே டிரிப் ஆனால் சார்?

நெய்வேலி_ரிட்டயர்டு:
அதுதான் கேள்வி! இலங்கையின் உச்ச லோடே 2,800 மெகாவாட்டை ஒட்டித்தான். அதில் இந்த லைனில் வரக்கூடிய 500 மெகாவாட் ஒரே நொடியில் போனால் தாங்காது, கையிருப்பு இருந்தாக வேண்டும். 2025 பிப்ரவரியில் பாணந்துறை சப்ஸ்டேஷனில் குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டது ஞாபகம் இருக்கா? கன்வர்ட்டர் வகையும் முக்கியம். கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் வகையை முடிவு செய்கிறது. பழைய வகையான தைரிஸ்டரைத் திறக்க மட்டும்தான் நம்மால் முடியும், அணைய அந்தப் பக்க கிரிட்டின் வோல்டேஜ் வேண்டும், அது தள்ளாடினால் இதுவும் தடுமாறும். ஐஜிபிடி என்ற புது வகை சுவிட்ச் நாம் சொன்னதும் தானே அணையும், இருண்ட கிரிட்டை எழுப்பவும் உதவும். கரூர் பக்கம் புகளூரில் இரண்டும் இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் 800 கிலோவோல்ட் லைன் தைரிஸ்டர், திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் லைன் ஐஜிபிடி. காலேஜில் கடிதம் வாங்கிப் போய்ப் பார்.

தேவனாம்பட்டினத்தான்:
போகிறேன் சார். அப்பாவிடம் இதைச் சொன்னேன், அவர் கேட்டது ஒன்றுதான்: "கேபிள்ல நங்கூரம் மாட்டினா யாருடா பொறுப்பு?"

பாண்டி_மோட்டார்:
கடல்தரையில் பள்ளம் பறித்துப் புதைப்பார்கள் தம்பி. ஆனாலும் அங்கே இழுவை மடி (கடல்தரையை வாரும் வலை) ஓடுகிற ஓட்டத்துக்கு, அப்பா கேட்பது நியாயம்தான்.